உலகேறிய கொரியப் பாட்டும் ஊர்துறக்கும் கொரிய மொழியும்

ஓரினத்திற்கு அதன் மொழி சுமையா, சிறகா என்னும் வினா இன்று நேற்று எழுந்ததன்று. தம் மொழியிற் பாடினால் அப்பாட்டுத் தம் தெருவைத் தாண்டாது என்றும், உலக அரங்கேற வேண்டுமாயின் ஆங்கிலத்தின் தோளில் ஏறியே தீரல்வேண்டும் என்றும், வணிகர் ஒருபாலும் அவர்க்குக் குற்றேவல் செய்யும் கற்றோர் ஒருபாலுமாக நின்று மக்களை நம்பவைத்து வந்துள்ளனர். அந்நம்பிக்கை வெறும் பொய்ம்மை என்பதை இந்நூற்றாண்டில் யாவருங் காண மெய்ப்பித்துக் காட்டியது கொரிய இளையோர் பாட்டு. அதே பாட்டு, தான் மெய்ப்பித்ததைத் தானே மறுதலிக்கும் நிலைக்கு இற்றைநாளில் வந்துகொண்டிருக்கின்றது என்பதுதான் இத்திங்கள் நாம் எடுத்துரைக்க விரும்பும் செய்தி.

கொரிய மொழி எளிதில் உயிர்பிழைத்த மொழியன்று. 1443-ஆம் ஆண்டில் சேசோங் மன்னர் தம் குடிமக்களின் வாயொலிக்கு ஏற்றதோர் எழுத்தை வகுத்து, 1446-ஆம் ஆண்டில் அதனை நாடறிய வெளியிட்டார். இன்று ஆங்குல் எனப்பெறும் அவ்வெழுத்தைக் கற்றோர் எள்ளினர்; பெண்டிர்க்கும் பிள்ளைகட்கும் உரியதென்று தாழ்த்தினர்; சீன எழுத்தே அறிவுக்குரிய எழுத்தென்று பலநூறு ஆண்டுகள் தலைமேற்கொண்டு திரிந்தனர். 1910-இல் சப்பான் அந்நாட்டைத் தன் ஆட்சிக்குள் இழுத்துக்கொண்டது. 1938 முதல் பள்ளிகளில் கொரியமொழிப் பாடம் ஒதுக்கப்பட்டுப் பின்னர் அறவே நீக்கப்பட்டது. 1940-இல் மக்கள் தம் பெயர்களையே சப்பானியப் பெயர்களாக மாற்றிக்கொள்ளுமாறு நெருக்கப்பட்டனர். 1942-இல், அகரமுதலி தொகுத்ததையே குற்றமாக்கிக் கொரிய மொழிக் கழகத்தைச் சார்ந்தோர் 33 பேர்மீது வழக்குத் தொடுத்தனர். அவர்களுள் இருவர் சிறையிலேயே மாண்டனர். பறித்துச் செல்லப்பட்ட கையெழுத்துப்படி, நாடு விடுதலை பெற்ற 1945-ஆம் ஆண்டில் சியோல் தொடர்வண்டி நிலையத்துக் கிடங்கொன்றில் கண்டெடுக்கப்பட்டது. அதன் முதல் மடலம் 1947-இல் அச்சேறியது. சொற்களைத் தொகுத்தமைக்காக உயிர்கொடுத்த இனம் அஃது என்பதை முதற்கண் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

விடுதலைக்குப் பின்னர் நாடு இரண்டாகப் பிளந்தது. 1950 முதல் 1953 வரை நடந்த போர் அந்நிலத்தைச் சுடுகாடாக்கியது. தென்கொரியாவில் தங்கிய அமெரிக்கப் படைவீரர்கள் முன்னிலையிற் பாடுவதே பல பாடகர்க்கு அன்று பிழைப்பாயிற்று. அவ்வாறு பாடியவர்களுள் கிம் அக்காள் தங்கையர் எனப் பெயர்பெற்ற இளம்பெண்கள் மூவர், 1959-இல் அமெரிக்காவின் இலாசு வேகசு நகருக்குச் சென்றனர். அந்நாட்டுத் தொலைக்காட்சியிற் பன்முறை தோன்றிப் புகழும் பெற்றனர். ஆனால் அவர்கள் அங்குப் பாடி வென்றவை ஆங்கிலப் பாட்டுகள். ஆங்கிலம் அறியாத அப்பெண்கள் பொருளறியாமலே ஒலியை மட்டும் நெட்டுருச் செய்து பாடப் பழகினர் என்பது அவர்கள் வரலாறு. வயிற்றுக்காகப் பிறர் மொழியைக் கிளிபோற் பலுக்கிய அக்காட்சியை மறவாதிருப்போம். அதற்கு ஈடான மற்றொரு காட்சி பின்னர் வரும்.

இன்று உலகறிந்த கொரியப் பாட்டின் தொடக்கம் 1992-ஆம் ஆண்டு என்பர். அவ்வாண்டில் சியோ தைச்சி என்னும் இளைஞரும் அவர் தோழர் இருவரும் ஒரு தொலைக்காட்சிப் போட்டியிற் பாடி ஆடினர். நடுவர்கள் அவர்களுக்கு மிகக் குறைந்த மதிப்பெண்ணே வழங்கினர். நாட்டிளைஞர்களோ அப்பாட்டைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் விரைநடைப் பேச்சுப்பாட்டு கொரிய மொழிக்கு ஒத்துவராது என்றிருந்த எண்ணத்தை அம்மூவரும் உடைத்தெறிந்தனர். இசை அயலதாயினும் சொல் தம்முடையதாயிருந்தது. பாட்டின் சொற்களை வெளியீட்டிற்கு முன்பே அரசு தணிக்கை செய்யும் முறையை எதிர்த்துப் பாடகர்களும் சுவைஞர்களும் போராடினர். 1996-இல் அம்முறை ஒழிந்தது. சொல்லுக்காக நடந்த அப்போராட்டத்தின் மேல்தான் பின்னைய கொரியப் பாட்டின் மாளிகை எழுந்தது என்க.

1990-களின் நடுவிலிருந்து பெருநிறுவனங்கள் தோன்றின. சிறாரைத் தேர்ந்தெடுத்து ஆண்டுக்கணக்கில் ஆடலும் பாடலும் பயிற்றிக் குழுவாக்கி விற்கும் தொழில் வளர்ந்தது. 1997-இல் நாட்டின் பொருளியல் நிலைகுலைந்து வீழ்ந்தபின், அரசும் கலையை ஒரு தொழிலாகக் கருதி 1999-இல் அதற்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. சீனத்திலும் சப்பானிலும் கொரியப் பாட்டுப் பரவியது. அடுத்து நிறுவனங்களின் கண் அமெரிக்காவின்மேல் விழுந்தது. அங்கே அவர்கள் செய்ததென்ன? கிம் அக்காள் தங்கையர் சென்ற பழைய வழியையே தேர்ந்தனர். சப்பானை வென்ற போஆ என்னும் பாடகியைக் கொண்டு 2009-இல் ஆங்கிலத்தில் ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டனர். அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் அது 127-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. அதே ஆண்டில் ‘வொண்டர் கேர்ல்சு’ குழுவினர் தம் பாட்டை ஆங்கிலத்தில் மாற்றிப் பாடி ஊரூராகச் சென்றும், அந்நாட்டு நூறு பாட்டுப் பட்டியலில் 76-ஆம் இடமே கிட்டியது.

இனி, 2012-ஆம் ஆண்டைப் பார்ப்போம். சை என்னும் பாடகர் அமெரிக்காவை எண்ணாமல், தம் நாட்டாருக்காகவே, சியோல் நகரத்துச் செல்வர் பகுதியொன்றன் போலிப் பகட்டை நகையாடி ஒரு பாட்டுப் பாடினார். ‘கங்நம் சுடைல்’ என்னும் அப்பாட்டின் தலைப்பிற் பாதி ஆங்கிலமே. உள்ளேயும் ஓரிரு ஆங்கிலச் சொற்கள் உண்டு. ஆயினும் பாட்டின் உடல் முழுதும் கொரியம். அது 76-இல் நிற்கவில்லை. இரண்டாம் இடத்தில் ஏழு கிழமைகள் நின்றது. யூடியூபில் நூறு கோடி முறை பார்க்கப்பட்ட முதற் காணொளி என்னும் பெயரையும் அவ்வாண்டு திசம்பரில் பெற்றது. 2013-இல் தோன்றிய பி.டி.எசு. குழுவினர், தென்மாநிலங்களின் வட்டார வழக்குகளை வைத்தே ஒரு பாட்டமைத்தவர்கள். பின்னொரு பாட்டில் நாட்டுப்புறக் கூத்தின் ஊக்கொலிகளையும் ஏற்றிப் பாடினர். பெரும்பகுதி கொரிய மொழியிலமைந்த அவர்தம் இசைத்தொகுப்பு 2018-இல் பில்போர்டு தொகுப்புப் பட்டியலின் முதலிடத்தில் ஏறியது. கொரியர் எவரும் அதற்குமுன் எட்டாத இடம் அது. ஆங்கிலத்திற் பாடியபொழுது 127, 76. கொரியத்திற் பாடியபொழுது 2, 1. நாம் வேறென்ன சொல்லல் வேண்டும்? எண்களே பேசுகின்றன.

அதன்பின் நிகழ்ந்ததே நாம் முன்னே குறித்த மற்றொரு காட்சி. பிரேசிலிலும் பிரான்சிலும் அமெரிக்காவிலும் இளையோர் பல்லாயிரவர் அரங்குகளிற் கூடிக் கொரியச் சொற்களை நெட்டுருச் செய்து, பாடகரோடு ஒருங்கே பாடினர். 1959-இல் கொரியப் பெண்கள் பொருளறியாமல் ஆங்கிலம் பலுக்கினர். அறுபதாண்டு கழித்து ஆங்கிலேயர் பிள்ளைகள் கொரியம் பலுக்கினர். அவர்களுட் பலர் ஒலியோடு நில்லாது பொருளையும் அறிய விரும்பினர். 1997-இல் முதன்முறை நடந்த கொரியமொழித் திறன் தேர்வை எழுதியோர் சில ஆயிரவரே. அண்மை ஆண்டுகளில் நான்கு நூறாயிரத்திற்கும் மேற்பட்டோர் எழுதுகின்றனர். சேசோங் மன்னர் பெயரால் 2007-இல் 13 இடங்களில் தொடங்கப்பட்ட மொழிப்பள்ளிகள் இன்று எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 250 ஆகப் பெருகியுள்ளன. 2021-இல் ஆக்சுபோர்டு ஆங்கில அகரமுதலி கொரியச் சொற்கள் 26-ஐ ஒருங்கே ஏற்றது. பெண்கள் அண்ணனை அழைக்கும் ‘ஒப்பா’, அக்காளை அழைக்கும் ‘உன்னி’ ஆகிய முறைப்பெயர்களும் அவற்றுள் அடக்கம். தேர்வும் பள்ளியும் முன்பே இருந்தன. அவற்றின் வாயிலில் இத்துணைப் பேரைக் கொண்டுவந்து நிறுத்தியதிற் பாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு.

இத்துணைப் புகழுக்குப் பின்னர் அப்பாட்டுத் தன் மொழியை இறுகப் பற்றிக்கொண்டிருத்தல் வேண்டும் அன்றோ? நடப்பதோ வேறு. 2020-ஆம் ஆண்டு ஆகத்தில் அதே பி.டி.எசு. குழு முற்றும் ஆங்கிலத்தில் ‘டைனமைட்’ என்னும் பாட்டை வெளியிட்டது. அது முதலிடம் பெற்றது. 2021-இல் அடுத்தடுத்து இரண்டு ஆங்கிலப் பாட்டுகள் வந்தன. 2023-இல் ‘இலே செராபிம்’ என்னும் பெண்கள் குழுவினரின் முழு ஆங்கிலப் பாட்டொன்று அயல்நாட்டிலன்றிக் கொரியாவிலேயே முதலிடம் பெற்றது. 2024-இல் வெளிவந்த ‘கேட்சை’ குழு, கொரிய நிறுவனம் ஒன்று அமெரிக்க நிறுவனத்தோடு கூடி, பல நாட்டுப் பெண்களைக் கொரிய முறையிற் பயிற்றி, ஆங்கிலத்திற் பாடவைத்த குழு. 2025-இல் உலகெங்கணும் பார்க்கப்பட்ட ‘கே-பாப் டீமன் அண்டர்சு’ என்னும் அமெரிக்க வரைபடத் திரைப்படத்தின் கதை கொரியாவில் நிகழ்கின்றது. அதன் தலையாய பாட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் பல கிழமைகள் வீற்றிருந்தது. அப்பாட்டிற் கொரியம் சில அடிகளே, எஞ்சியவை ஆங்கிலம். முறை கொரியம், ஆடை கொரியம், உணவு கொரியம்; மொழி மட்டும் ஆங்கிலம்!

குழுக்களின் பெயர்களும் இவ்வழியே சென்றன. 2007-இல் தோன்றிய மங்கையர் குழுவிற்கு ‘சொன்யொ சிதே’ என்று பெயர். மங்கையர் காலம் என்பது பொருள். ‘பாங்தான் சொன்யொந்தான்’ என்பதே பி.டி.எசு. என்று சுருங்கியது, குண்டு துளைக்காத சிறுவர் படை என்பது அதன் பொருள். 2017-இல் அம்மூன்றெழுத்திற்கு ஓர் ஆங்கில விரிவும் ஒட்டப்பட்டது. இற்றைப் புதுக்குழுக்களுட் பெரும்பாலனவற்றிற்குக் கொரியப் பெயரே இல்லை.

இதற்கு வணிகர் கூறும் விடையையும் நடுவுநிலையோடு கேட்டல் வேண்டும். அமெரிக்க வானொலி நிலையங்கள் கொரியப் பாட்டை ஒலிபரப்ப முன்வருவதில்லை; ஆங்கிலமானால் ஒலிபரப்புகின்றன. தென்கொரிய மக்கள்தொகை ஏறத்தாழ ஐந்து கோடி. 2023-இல் ஒரு பெண்ணுக்கு 0.72 என்னும் அளவிற்கு மகப்பேறும் வீழ்ந்துவிட்டது. ஆகவே உள்ளூர்ச் சந்தையை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது என்பர். இவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அவர்கள் மறைப்பது ஒன்றுண்டு. ‘டைனமைட்’ வென்ற அதே 2020-ஆம் ஆண்டின் இறுதியில், பெரும்பகுதி கொரியத்திலமைந்த மற்றொரு பாட்டை அதே குழு பாடியது. வானொலியின் துணை மிகச் சிறிதாயிருந்தும், அதுவும் முதலிடத்திலேயே வந்து அமர்ந்தது. அப்பட்டியலின் வரலாற்றில் அத்தகைய முதற் கொரியப் பாட்டு அதுதான். கேட்போர் கதவைச் சாத்தவில்லை. விற்போரே வீட்டைக் காலிசெய்துகொண்டு போகின்றனர்.

ஆங்கிலத்திற் பாடுவார் உலகில் எத்தனையோ பேர். அவர்களுள் ஒருவராகப் போய் நிற்பதற்குக் கொரியர் எதற்கு? கொரிய முறையிற் பயிற்றப்பட்ட எந்நாட்டாரும் போதுமே! ‘கேட்சை’ போன்ற குழுக்கள் அதனைத்தான் செய்துகாட்டுகின்றன. மொழியை நீக்கிய பாட்டு, அதனைப் பெற்ற மக்களையும் நீக்கிவிட இயலும் பாட்டு. இதனைக் கொரியர் இன்று உணராவிடின் நாளை அவர்கள் பாட்டில் அவர்களுக்கே இடமிராது.

மொழியை விற்பனைப் பொருளாகக் கருதும் கை, மாந்தரையும் அவ்வாறே கருதும் என்பதற்கும் அத்தொழிலே சான்று. 2009-இல் புகழ்பெற்ற ஐவர் குழுவொன்றைச் சார்ந்த மூவர், பதின்மூன்று ஆண்டுகள் தம்மைப் பிணித்த ஒப்பந்தத்தை எதிர்த்து முறைமன்றம் ஏறினர். அதன்பின்னரே, ஒப்பந்தக் காலம் ஏழாண்டைத் தாண்டலாகாது என்னும் நெறிமுறை வகுக்கப்பட்டது. 2017-இலும் 2019-இலும் புகழின் உச்சியிலிருந்த இளையர் மூவர் அடுத்தடுத்து உயிர்நீத்த செய்தி அந்நாட்டை உலுக்கியது. உறைகளுள் பாடகரின் படச்சீட்டுகளை வைத்து, விரும்பிய முகம் கிட்டும்வரை ஒரே தொகுப்பைப் பத்தும் இருபதுமாகச் சிறுவர்களை வாங்கவைக்கும் வணிகத்தால், 2023-இல் விற்ற இசைத்தொகுப்புகள் 10 கோடியைத் தாண்டின. கேட்பதற்காக வாங்கியவை அவற்றுள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கொரியாவின் உள்ளூர்ச் செவி இன்னும் முற்றும் மாறிவிடவில்லை என்பது ஆறுதலளிக்கும் செய்தி. ‘துரோத்து’ என்பது சப்பானியர் ஆட்சிக்காலத்தே தோன்றிய பழைய பாட்டுவகை. முதியோர் பாட்டென்று அதனை நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தனர். 2020-இல் அவ்வகைப் பாட்டுக்கென ஒரு தொலைக்காட்சி நிறுவனம் நடத்திய போட்டியின் இறுதிச் சுற்றை நாட்டில் 35 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட வீடுகள் பார்த்தன. அதில் வென்ற இம் யங்-உங் என்னும் பாடகர் 2024-இல் சியோலின் உலகக்கோப்பை விளையாட்டரங்கை நிரப்பினார். அவர் பாடுவது அன்னையரும் பாட்டியரும் அகரமுதலி தேடாமல் பொருள்கொள்ளும் கொரியம். வெளிநாட்டிற் பெற்ற புகழை மட்டுமே கொரியப் பாட்டின் அளவுகோலாகக் கொள்வோர் இதனைக் காண மறுக்கின்றனர்.

அப்படியாயின் அரசு சட்டமியற்றிப் பாட்டின் மொழியைக் காத்துவிடலாமே என்று நம்மன்பர்கள் கேட்கக்கூடும். இதற்கும் கொரியாவே விடை வைத்திருக்கின்றது. 1970-களில் பாக் சங்-கீயின் வல்லாட்சி, ஆங்கிலப் பெயருடைய பாடகர்களைப் பெயர் மாற்றச் செய்தது. ‘பன்னி கேர்ல்சு’ என்றிருந்த இரட்டையர் ‘தொக்கி சொன்யொ’ ஆயினர்; முயல்மங்கையர் என்பது பொருள். நாமும் மகிழத்தக்க மாற்றமே. ஆனால் அதே ஆட்சி 1975-இல் நூற்றுக்கணக்கான பாட்டுகளைத் தடைசெய்தது. கிம் மின்-கி இயற்றிய ‘காலைப் பனித்துளி’ என்னும் இனிய கொரியப் பாட்டும் தடைக்குத் தப்பவில்லை. பெயரைக் கொரியமாக்கிய கையே கொரியனின் வாயையும் பொத்தியது. அவ்வாட்சி சென்றதும் ஆங்கிலப் பெயர்கள் திரும்பி வந்தன. தடைசெய்யப்பட்ட பாட்டோ மாணவர் நாவில் உயிரோடிருந்து, 1987-ஆம் ஆண்டின் குடியாட்சிப் போராட்டத்தில் தெருவெங்கும் ஒலித்தது.

வடகொரியா இன்னும் கொடிய பாடம். 2020-இல் தெற்கத்திப் பாட்டையும் படத்தையும் கேட்போர் காண்போர்க்குக் கடும் ஒறுப்பு விதித்து ஒரு சட்டம். 2023-இல் ‘ஒப்பா’ என்பதுபோன்ற தெற்கத்திப் பேச்சு வழக்கைக் கையாள்வோரை ஒறுக்க மற்றொரு சட்டம். மொழிக்காப்பு என்னும் நற்பெயரைச் சூட்டிக்கொண்டு, ஒரே தாய்மொழியின் இருபுறத்தையும் சுவரெழுப்பிப் பிரிக்கும் கொடுமை இது. தனித்தமிழ் பேணும் நாம் இதனை ஐயத்திற்கிடமின்றிச் சொல்லல் வேண்டும்: சிறைக்கு அஞ்சிப் பேசப்படும் தூய்மொழி, மொழிப்பற்றின் விளைவன்று, அச்சத்தின் விளைவு. தென்கொரியாவின் செயலும் நகைப்பிற்குரியதே. 2024-ஆம் ஆண்டு சூன் திங்களில் எல்லையில் ஒலிபெருக்கிகளை நிறுத்தி வடக்கு நோக்கிப் பாட்டிசைத்தது. பி.டி.எசு. குழுவின் ஆங்கிலப் பாட்டுகளும் அவற்றுள் இருந்தன என்று செய்தித்தாள்கள் எழுதின. எல்லைக்கு அப்பால் நிற்கும் தன்னினத்தானை அழைக்க ஒரு கொரியனுக்கு ஆங்கிலம் வேண்டியிருந்தது! 2025-இல் அவ்வொலிபெருக்கிகள் அகற்றப்பட்டன.

நம் நாட்டிற்கும் இப்பாட்டிற்கும் தொடர்பில்லாமலில்லை. சென்னையில் இன்கோ நடுவத்திற் கொரியமொழி கற்பிக்கப்படுகின்றது. நம் பள்ளிப் பிள்ளைகளுட் பலர் பாட்டின் ஈர்ப்பால் ஆங்குல் எழுத்துகளைத் தாமே எழுதிப் பழகுகின்றனர். அம்மா, அப்பா என்னும் சொற்கள் அங்கும் ஒத்தொலிப்பது கண்டு வியக்கின்றனர். கல்பெர்ட்டு என்னும் அமெரிக்கர் 1905-இலேயே கொரியத்தையும் திரவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கண நூலொன்று எழுதினார். எனினும் அவ்வுறவை மொழிநூலார் இன்றுவரை நிறுவினாரல்லர்; ஒலியொப்புமை கொண்டு உறவு பேசுதல் நமக்குத் தகாது. உறவு இருப்பினும் இல்லாவிடினும், அயல்மொழியை அதன் எழுத்தாலேயே கற்கும் நம் பிள்ளைகளைக் கடியாதீர்கள். ஆங்கிலத்தின் இடைத்தரகின்றி இரண்டு இனங்கள் நேரே கைகோக்க முடியும் என்பதற்கு அவர்களே சான்று. அப்பாட்டு ஆங்கிலமாகிவிடின் அப்பிள்ளைகள் கற்பதற்கு அங்கே என்ன இருக்கும்?

இறுதியாக ஒன்று. ஆங்குல் எழுத்தின் பிறப்பைக் கொண்டாடும் அத்தோபர் 9-ஆம் நாள் கொரியாவிற் பொதுவிடுமுறையாக இருந்தது. விடுமுறைகள் மிகுதியென்றும் வேலை கெடுகின்றதென்றும் தொழில்முதலாளிகள் முறையிட, 1991-இல் அவ்விடுமுறை நீக்கப்பட்டது. மொழியன்பர்கள் சோர்ந்துவிடவில்லை. எழுதினர், பேசினர், இருபதாண்டுக்கு மேல் விடாது கேட்டனர். 2013-இல் அந்நாள் மீண்டும் விடுமுறையாயிற்று. வணிகர் பறித்ததை மக்கள் மீட்டனர். சிறையாலன்று, சுவராலன்று, தளராத பற்றால் மீட்டனர்.

நாளை மீட்டவர்க்குப் பாட்டை மீட்டல் அரிதன்று. பாடகர் தம் வாய்மொழியிற் பாடத் துணிதலும், கேட்போர் அதனையே விரும்பிக் கேட்டலும் ஆகிய இரண்டும் போதும். அவ்விரண்டும் நிகழ்ந்த காலத்தில் உலகமே எழுந்து நின்று கேட்டது என்பதைக் கொரியர் மறவாதிருப்பாராக! மொழி சுமையன்று, சிறகே என்பதை அவர்கள் பறந்து காட்டினர். பறந்தபின் சிறகை அரிந்து விற்பார் உளரோ?